சக்கரத்தில் எழுதியிருக்கும் கிலோ யாருடையது?

கூமாப்பட்டியில் கொப்பரை வாங்கும் கடை ஒன்றில் மூட்டை போடும் தராசு இருக்கிறது. போன மாதம் அதில் என் அக்கா மகன் ஏறி நின்றான். ஆள் மட்டும் இல்லை. சைக்கிளைத் தோளில் மாட்டிக்கொண்டு, தலையில் ஹெல்மெட், முதுகில் பை, எல்லாவற்றோடும் ஏறினான். சிவப்பு எழுத்தில் 103.6 என்று காட்டியது. கடை அண்ணாச்சி மூக்குக் கண்ணாடியை ஏற்றிவிட்டுப் பார்த்தார். "ஏப்பா, ரெண்டு மூட்டை கனம் இருக்கியே" என்றார்.

அவனுக்குக் கேலி உறைக்கவில்லை, எண்தான் உறைத்தது. அந்தச் சைக்கிளில் இருந்தது மாதாமாதம் சம்பளத்தில் எடுத்துவைத்து வாங்கிய கார்பன் சக்கரம். அதன் கையேட்டில் அதிகபட்சம் 100 கிலோ என்று அச்சடித்திருந்தது. "நான் 84தானே மாமா, இன்னும் 16 கிலோ இடம் இருக்கே" என்று அன்று காலையில்தான் என்னிடம் சொல்லியிருந்தான்.

2025 ஜூனில் இன்ஸ்டாகிராம் வழியாக எங்கள் ஊரான கூமாப்பட்டியின் பெயர் எங்கெங்கோ பரவியது உங்களுக்கும் தெரிந்திருக்கும். அதற்குப் பிறகு சனி, ஞாயிறுகளில் பிளவக்கல் அணைப் பக்கம் வருகிற கூட்டத்தில் சைக்கிள்காரர்களும் சேர்ந்துகொண்டார்கள். டீக்கடை வாசலில் சாத்தி வைத்திருக்கும் சைக்கிள்களில் கறுப்பாக, உயரமான ரிம் போட்ட சக்கரங்கள் அடிக்கடி கண்ணில் படுகின்றன. "இது எத்தனை கிலோ தாங்கும்?" என்று சிலரிடம் கேட்டுப் பார்த்திருக்கிறேன். "கார்பன் சார், இரும்பைவிட பலம்" என்பதுதான் பதில். அந்தப் பதிலில் பாதி சரி. மீதிப் பாதிக்காகத்தான் இதை எழுதுகிறேன்.

முதலில், கார்பன் சக்கரம் என்றால் என்ன? பெரும்பாலும் ரிம் (டயர் உட்காரும் வட்ட வளையம்) மட்டும்தான் கார்பன். கம்பிகள் அநேகமாக எஃகு. நடுவில் இருக்கும் ஹப்பு (அச்சும் பால்ரஸும் இருக்கும் குடம்) அலுமினியம். தலைமுடியைவிட மெல்லிய கார்பன் இழைகளைத் துணிபோல அடுக்கடுக்காக அச்சில் வைத்து, ரெசின் (இழைகளை இறுக்கிப் பிடிக்கும் பசை) சேர்த்து, அழுத்திச் சூடுபடுத்தி ரிம்மை எடுக்கிறார்கள். ஆக அது உலோகத்தைப் போல ஒரே பொருள் இல்லை. துணியும் பசையும் சேர்ந்த கட்டு. இதை நினைவில் வைத்துக்கொண்டால் பின்னால் வருகிற எல்லாம் எளிதாகப் புரியும்.

சரி, அந்த 100 கிலோ யாருடைய எடை? இங்கேதான் பலரும் வழுக்குகிறார்கள். சில கம்பெனிகள் ஓட்டுகிறவரின் எடையை மட்டும் சொல்கின்றன. சில கம்பெனிகள் சிஸ்டம் வெயிட் (ஆள், சைக்கிள், உடுப்பு, தண்ணீர், சாமான் எல்லாம் சேர்ந்த மொத்த எடை) சொல்கின்றன. இத்தாலியின் காம்பக்னோலோ கையேடு ஓட்டுகிறவரைப் பற்றிப் பேசுகிறது: 109 கிலோவுக்கு மேல் இருந்தால் பயன்படுத்த வேண்டாம், 82 கிலோவுக்கு மேல் இருந்தால் மற்றவர்களைவிட அடிக்கடி சோதித்துப் பாருங்கள் என்கிறது. பிரான்சின் மாவிக் 120 கிலோ என்று சொல்வது சைக்கிளையும் சேர்த்து. சுவிட்சர்லாந்தின் டிடி ஸ்விஸ் சொல்வதும் மொத்த எடைதான். 109-ஐயும் 120-ஐயும் பக்கத்தில் வைத்து "இதைவிட அது உறுதி" என்று முடிவு கட்டினால் தவறிப் போவீர்கள். இரண்டும் ஒரே கணக்கு இல்லை.

கையேட்டில் வெறுமனே "அதிகபட்ச எடை" என்று மட்டும் இருந்தால்? மொத்த எடை என்றே எடுத்துக்கொள்ளுங்கள். அப்படி எடுத்துக்கொண்டு தவறாகிப் போனாலும் உங்களுக்கு நட்டம் ஒன்றும் இல்லை.

என் மருமகன் கணக்கைத் தராசிலேயே பிரித்துப் பார்த்தோம். உடம்பு 84. சைக்கிள் 8.6. இரண்டு தண்ணீர் பாட்டில் நிறைத்து 1.7. ஹெல்மெட், ஷூ, உடுப்பு 1.8. பஞ்சர் சாமான், மாற்று டியூப், பம்பு, பூட்டு சேர்ந்து 2. இதுவே 98.1 ஆகிவிட்டது. மீதி 5.5 கிலோ முதுகுப் பை. அதில் மாற்றுத்துணி, மழைக்கோட்டு, பவர் பேங்க். போதாததற்கு ஸ்ரீவில்லிபுத்தூரில் இறங்கி வாங்கிய பால்கோவா இரண்டு கிலோ! அத்தை வீட்டுக்கு வெறுங்கையோடு வர முடியாதாம்.

நீங்களும் இப்படி ஒரு தடவை நிறுத்துப் பார்த்துவிடுங்கள். குளியலறைத் தராசு ஒன்று இருந்தால் போதும். வழக்கமாகக் கிளம்புகிற கோலத்திலேயே, சைக்கிளையும் கையில் தூக்கிக்கொண்டு ஏறுங்கள். ஆட்டோ உதிரிபாகக் கடையிலோ மளிகை மொத்தக் கடையிலோ பெரிய தராசு இருந்தால் இன்னும் நல்லது. மனதுக்குள் போடும் கணக்கு எப்போதும் அஞ்சாறு கிலோ குறைவாகவே வரும்.

"மூன்றரைக் கிலோ கூடினால் சக்கரம் உடைந்துவிடுமா?" என்று அவன் கேட்டான். நீங்களும் கேட்பீர்கள். நேர்மையான பதில்: அன்றைக்கே உடையாது. எண்ணைத் தாண்டிய நொடியில் படாரென்று நொறுங்குகிற மாதிரி யாரும் சக்கரம் செய்வதில்லை. ஆய்வுக்கூடத்தில் அதற்கு மேலும் விசை கொடுத்துத்தான் பார்த்திருப்பார்கள். சைக்கிள்களுக்கான ஐஎஸ்ஓ 4210 என்ற உலகத் தரவிதியில் சக்கரத்துக்கென்றே தனிச் சோதனைகள் இருக்கின்றன.

ஆனால் வரம்புக்கு மேல் இருக்கும் அந்த மிச்ச பலம் உங்கள் முதுகுப் பைக்காக வைத்தது இல்லை. பள்ளத்துக்காக வைத்தது. எடை வரம்பு என்பது அசையாமல் நிற்கும் சக்கரத்தின் மேல் எவ்வளவு ஏற்றலாம் என்பதற்கான எண் இல்லை. இவ்வளவு எடையோடு, சுமாரான சாலையில், வருடக்கணக்கில் ஓட்டினாலும், இடையிடையே எதிர்பாராத அடி விழுந்தாலும் தாங்கும் என்று கம்பெனி கொடுக்கும் வாக்கு அது. எடையை ஏற்றும்போது நீங்கள் கரைப்பது அந்த அடிக்கான இருப்பை.

வேகத்தைச் சேர்த்துப் பாருங்கள். 20 கிலோமீட்டர் வேகத்தில் பள்ளத்தில் விழுவதற்கும் 30-இல் விழுவதற்கும் வித்தியாசம் ஒன்றரை மடங்கு இல்லை. சக்தி இரண்டேகால் மடங்கு. கிருஷ்ணன்கோவிலிலிருந்து வத்திராயிருப்பு வரும் சாலையில் காற்று முதுகில் அடித்தால் 30 சாதாரணமாக வரும். ஊருக்குள் நுழையும்போது வெள்ளைக்கோடு அழிந்துபோன வேகத்தடை ஒன்று காத்திருக்கும். அதைப் பார்த்து முன்கூட்டியே வேகத்தைக் குறைத்து, சீட்டிலிருந்து கொஞ்சம் எழுந்து, முழங்காலையும் முழங்கையையும் தளர்த்திக்கொண்டால் உங்கள் உடம்பே ஸ்பிரிங்காக வேலை செய்யும். சீட்டில் அமுங்கி உட்கார்ந்தபடியே ஏற்றினால் பின்சக்கரத்துக்கு அது சம்மட்டி அடி.

ஏன் பின்சக்கரம்? ரேஸ் சைக்கிளில் குனிந்து ஓட்டும்போதுகூட மொத்த எடையில் ஏறக்குறைய 60 சதவிகிதம் பின்னால்தான் இறங்குகிறது. நிமிர்ந்து உட்கார்ந்தால் இன்னும் கூடும். போதாததற்குப் பின்சக்கரத்தில் பல்சக்கரங்களுக்கு இடம் விட வேண்டியிருப்பதால் வலப்பக்கக் கம்பிகள் செங்குத்தாக நின்று அதிக இழுவிசையைச் சுமக்கின்றன. இடப்பக்கக் கம்பிகள் தளர்வாக இருக்கின்றன. சீட்டுக்குப் பின்னால் பை தொங்கவிட்டால் அதன் கனம் அப்படியே பின்சக்கரத்தின் தலையில்.

கம்பிகளின் பாடு தனிக்கதை. 28 மி.மீ. டயர் போட்ட சக்கரம் ஒரு முழுச் சுற்றில் ஏறக்குறைய 2.1 மீட்டர் போகும். 100 கிலோமீட்டருக்கு ஏறக்குறைய 47,000 சுற்று. ஒவ்வொரு சுற்றிலும் ஒவ்வொரு கம்பியும் தரைப்பக்கம் வரும்போது ஒரு தடவை தளர்ந்து, மறுபடி விறைக்கிறது. எடை கூடக் கூட அந்தத் தளர்ச்சி கூடும். கம்பியை விரலால் முன்னும் பின்னும் வளைத்துக்கொண்டே இருந்தால் கடைசியில் ஒடிகிறதல்லவா, அதே சங்கதிதான் இங்கேயும் மெதுவாக நடக்கிறது. கனமான ஆட்களுக்குப் பின்சக்கரக் கம்பி ஹப்பு ஓரத்து வளைவில் பட்டென்று அறுவதற்குக் காரணம் இதுதான். பெரும்பாலும் ரிம்முக்கு முன்னால் கம்பிதான் கைவிடுகிறது.

இந்த இடத்தில் வயதானவர்கள் யாராவது குறுக்கிடுவார்கள். "எங்க காலத்துல ரெண்டு பக்கமும் பால் கேனைக் கட்டிக்கிட்டு, பின்னாடி ஒரு ஆளையும் ஏத்திக்கிட்டு ஓட்டினோம். எந்த ரிம்முல எண்ணு போட்டிருந்தது?" நியாயமான கேள்வி. எங்கள் ஊர்ப்பக்கம் பாலும் தேங்காயும் வாழைத்தாரும் சைக்கிளில் போன காலத்தை நானும் பார்த்திருக்கிறேன்.

அந்தச் சைக்கிளின் பின்சக்கரக் கம்பிகளை எண்ணிப் பாருங்கள். 40 கம்பி. முன்சக்கரத்தில் 32. ரிம் இரும்பு. டயர் ஒன்றரை அங்குல அகலம். இன்றைய கார்பன் சக்கரத்தில் பல சமயம் 24 கம்பி, சிலவற்றில் முன்னால் 20. அதோடு பால் கேன் சைக்கிள் எந்த வேகத்தில் போனது என்பதையும் யோசியுங்கள். அவசரமே இல்லாத வேகம்.

எண்ணிக்கையைவிட முக்கியமானது வேறொன்று. இரும்பு ரிம் சொல்லிவிட்டுத்தான் போகும். பள்ளத்தில் விழுந்தால் நெளியும், பிரேக் கட்டை ஒரு பக்கம் உரசும், சக்கரம் பாம்பு போல ஆடும். நீங்கள் சைக்கிளை உருட்டிக்கொண்டு கடைக்குப் போவீர்கள். கடைக்காரர் சாவியைப் போட்டு நிப்பிளை (கம்பி முனையில் இருக்கும் சிறு திருகு) முறுக்கி அரை மணி நேரத்தில் கோட்டம் எடுத்துக் கொடுத்துவிடுவார். அலுமினியமும் ஓரளவு அப்படித்தான். கார்பன் நெளியாது. அடியை வாங்கிக்கொண்டு பழைய வடிவத்துக்கே திரும்பிவிடும். உள்ளே அடுக்குகள் பிரிந்திருந்தாலும் வெளியே வண்ணம் அப்படியே இருக்கும். பிறகு ஒரு நாள், முன்னதைவிடச் சின்ன அடியில், ஒரேயடியாக விட்டுவிடும். இரும்பைவிட பலம் என்பதில் பாதி சரி என்றேனே, மீதிப் பாதி இது: எச்சரிக்கை கொடுக்காத பலம்.

அப்படியென்றால் யாருக்காக இதைச் செய்கிறார்கள்? பந்தயக்காரர்களுக்கு. தொழில்முறைப் பந்தயங்களில் சைக்கிள் 6.8 கிலோவுக்குக் குறையக் கூடாது என்று உலக சைக்கிள் சங்கமான யூசிஐ 2000-இல் விதி கொண்டுவந்தது. மலையேறும் பந்தய வீரர்களில் பலர் 60, 65 கிலோதான். ஆளும் சைக்கிளும் சேர்ந்தாலும் 75-க்குள் அடங்கிவிடும். பின்னாலேயே மாற்றுச் சக்கரத்தோடு கார் வரும். நமக்குப் பின்னால் வருவது மிஞ்சிப்போனால் தோட்டத்து நாய். அதுவும் ராஜபாளையம் பக்கம் என்றால் கொஞ்சம் வேகமாகவே வரும்.

கார்பன் ரிம்மால் மிச்சமாகும் எடையையும் சொல்லிவிடுகிறேன், ஏமாற்றமாக இருந்தாலும். ஒரு நல்ல அலுமினியச் சக்கர ஜோடிக்கும் கார்பன் ஜோடிக்கும் பல சமயம் வித்தியாசம் 300, 400 கிராம். அரை பாட்டில் தண்ணீர். உண்மையான லாபம் உயரமான ரிம் காற்றைக் கிழித்துப் போவதில் இருக்கிறது. அது தெரிவதற்கும் நீங்கள் வேகமாகப் போக வேண்டும்.

அடுத்து சாலை. எடை வரம்பு எழுதியிருக்கும் இடத்துக்குப் பக்கத்திலேயே சில கம்பெனிகள் 1 முதல் 5 வரை ஓர் எண் போடுகின்றன. எந்த மாதிரிப் பாதைக்கு என்று சொல்லும் வகை எண் அது. 1 என்றால் தார்ச்சாலை மட்டும், டயர் தரையை விட்டு எழும்பக் கூடாது. 2 என்றால் சரளைப் பாதையும், 15 சென்டிமீட்டர் வரை விழுவதும் பரவாயில்லை. 3-க்கு 61 சென்டிமீட்டர். அதற்கு மேலே மலைப்பாதை சைக்கிள்கள். உங்கள் சக்கரம் 1 என்றால், 120 கிலோ வரம்பு இருந்தாலும் அது தார்ச்சாலைக்கான 120. கண்மாய்க்கரையிலோ தென்னந்தோப்பு வண்டித் தடத்திலோ படம் எடுக்க இறக்கினால் அந்த வாக்கு அங்கே செல்லாது. உருட்டிக்கொண்டு போங்கள். படமும் நன்றாக வரும்.

இப்போது காற்று. எடையைப் பற்றிப் பேசினால் காற்றைப் பற்றிப் பேசாமல் முடியாது. ரிம்முக்கும் பள்ளத்துக்கும் நடுவில் நிற்பது டயருக்குள் இருக்கும் காற்று ஒன்றுதான். குறைந்தால் டயர் அமுங்கி ரிம் நேராகக் கல்லில் மோதும். ஆகவே கனமானவர் கூடுதல் காற்று அடிக்க வேண்டும். இதுவரை எல்லோருக்கும் தெரிந்தது.

சிக்கல் புது ரிம்களில் வருகிறது. இப்போது வரும் கார்பன் ரிம்களில் பல, ஹூக்லெஸ் (டயர் விளிம்பைப் பிடித்துக்கொள்ளும் கொக்கி இல்லாத நேர்ச்சுவர் ரிம்) வகை. இவற்றில் சாலை டயருக்கு அதிகபட்சம் 5 பார், அதாவது 72.5 பிஎஸ்ஐ காற்றுதான் அடிக்கலாம் என்பது விதி. அதைத் தாண்டினால் டயர் ரிம்மைவிட்டு வெளியேறும் ஆபத்து உண்டு. 60 கிலோ ஆளுக்கு இது பிரச்சினையே இல்லை. அவருக்கு 60 பிஎஸ்ஐ போதும். 95 கிலோ ஆள் 25 மி.மீ. டயர் போட்டால் அவருக்குத் தேவைப்படும் காற்று இந்த வரம்பைத் தாண்டிவிடும். குறைவாக அடித்தால் ரிம் அடிவாங்கும், கூடுதலாக அடித்தால் டயர் கழலும்.

வழி என்ன? அகலமான டயர். 30 அல்லது 32 மி.மீ. போட்டால் குறைந்த காற்றிலேயே அதே எடையைத் தாங்கும். சைக்கிள் போர்க்கிலும் பின்பக்கமும் அவ்வளவு அகலத்துக்கு இடம் இருக்கிறதா என்று முதலில் பாருங்கள். ஹூக்லெஸ் ரிம்மில் எல்லா டயரும் போடக் கூடாது. டயர் பக்கவாட்டில் ஹூக்லெஸுக்கு ஏற்றது என்று இருக்க வேண்டும், ரிம் கம்பெனி சொல்லும் குறைந்தபட்ச அகலமும் இருக்க வேண்டும்.

இங்கே ஒரு கிராமத்து எச்சரிக்கை. வழியில் காற்று இறங்கினால் லாரிக்குக் காற்றடிக்கும் கம்ப்ரசரில் பிடித்துவிடாதீர்கள். காற்றடிக்கிறவர் விரலால் அமுக்கிப் பார்த்து "இன்னும் ரெண்டு அடி அடிக்கலாம்" என்பார். அந்த இரண்டு அடி எவ்வளவு என்று அவருக்கும் தெரியாது, உங்களுக்கும் தெரியாது. மீட்டர் வைத்த சிறிய பம்பு ஒன்றைக் கையோடு கொண்டுபோங்கள். அதன் எடையையும் கணக்கில் சேர்த்துக்கொண்டுதான்.

பிரேக் எந்த வகை என்பதையும் பாருங்கள். உங்கள் கார்பன் சக்கரம் டிஸ்க் பிரேக் வகை என்றால் இந்தப் பத்தியைத் தாண்டிப் போகலாம். பிரேக் பிடிக்கும்போது வரும் சூடு டிஸ்க் தட்டில் இறங்கும், ரிம்மைத் தொடாது. பழைய வகையில் பிரேக் கட்டை ரிம்மையே பிடிக்கும். கொடைக்கானலிலிருந்து வத்தலக்குண்டுக்கு இறங்குவதாக வைத்துக்கொள்வோம். ஏறத்தாழ 1,700 மீட்டர் இறக்கம். ஆளும் சைக்கிளும் சேர்ந்து 100 கிலோ. அந்த இறக்கத்தில் வெளிவரும் சக்தி முழுவதையும் அடுப்பாக்கினால் ஐந்தரை லிட்டர் தண்ணீர் கொதித்துவிடும். ஒரு பங்கைக் காற்று வாங்கிக்கொள்ளும். மிச்சம் பிரேக் வழியாக ரிம்முக்குப் போகும். அலுமினியம் சூட்டைச் சீக்கிரம் வெளியே விட்டுவிடும். கார்பன் விடாது, ஒரே இடத்தில் தேக்கும். சூடு ஒரு அளவைத் தாண்டினால் ரெசின் இளகி ரிம் ஓரம் வீங்கும், டியூப் வெடிக்கும். எடை அதிகம் என்றால் சூடும் அதே விகிதத்தில் அதிகம். பிரேக்கைத் தொடர்ந்து பிடித்தே இறங்காமல், நேர்சாலையில் விட்டு, வளைவுக்கு முன்னால் அழுத்திப் பிடித்து மறுபடி விடுங்கள். கார்பனுக்கென்று உள்ள பிரேக் கட்டையைத்தான் போட வேண்டும். மலை இறக்கம் அடிக்கடி உண்டு, உடம்பும் கனம் என்றால், கட்டை பிடிக்கும் கார்பன் ரிம் வேண்டாம் என்பதே என் யோசனை.

இன்னொரு சந்தேகம்: சக்கரம் 120 தாங்கும் என்றால் சைக்கிளும் 120 தாங்குமா? தாங்க வேண்டிய கட்டாயம் இல்லை. பிரேமுக்கு ஒரு வரம்பு, ஹேண்டில்பாருக்கு ஒன்று, சீட்டுக் குழாய்க்கு ஒன்று என்று தனித்தனியாக இருக்கலாம். எது குறைவோ அதுதான் உங்கள் சைக்கிளின் வரம்பு. கேரியர், குழந்தைச் சீட்டு, டபுள்ஸ் எல்லாம் இந்தச் சக்கரங்களுக்கு ஆகாத காரியம். "கொஞ்ச தூரம்தானே" என்று பிள்ளையைக் குறுக்குக் கம்பியில் உட்கார வைக்காதீர்கள். கார்பன் பிரேம் என்றால் அந்தக் குழாய்க்கும் ஆகாது, பிள்ளைக்கும் ஆகாது.

வரம்பைத் தாண்டி ஓட்டினால் வேறு என்ன நட்டம்? வாரண்டி போய்விடும். உடைந்த ரிம்மை அனுப்பினால் முதலில் உங்கள் எடையைத்தான் கேட்பார்கள். எனக்குத் தெரிந்த ஒருவர் பின்ரிம் விரிசல் விட்டதும் வாங்கிய இடத்துக்கு அனுப்பினார். "எடை எவ்வளவு, எங்கே ஓட்டினீர்கள், காற்று எவ்வளவு" என்று மூன்று கேள்வி வந்தது. மூன்றாவது கேள்விக்கு அவரிடம் பதில் இல்லை. ரிம்மும் திரும்பி வரவில்லை.

இனி, பலரும் செய்கிற காரியம்: பழைய கார்பன் சக்கரம் வாங்குவது. பாதி விலைக்கு வருகிறதே என்று ஆசை வரும். முதலில் பெயர் இல்லாத, எண் இல்லாத, கையேடு இல்லாத சக்கரத்தை விட்டுவிடுங்கள். விற்கிறவர் "எவ்வளவு வேணும்னாலும் தாங்கும்" என்றால் இன்னும் சீக்கிரம் விட்டுவிடுங்கள்.

பெயர் உள்ளது என்றால் இப்படிப் பாருங்கள். டயரைக் கழற்றச் சொல்லுங்கள். டயரோடு பார்த்தால் பாதி ரிம் தெரியாது. மெல்லிய வேட்டித்துணியோ பழைய பனியனோ எடுத்து ரிம் ஓரம் முழுக்கத் துடையுங்கள். எங்காவது நூல் மாட்டி இழுத்தால் அங்கே இழை பிரிந்திருக்கிறது. பிறகு ஒரு ரூபாய்க் காசால் ரிம்மைச் சுற்றிலும் ஒரே பலத்தில் மெதுவாகத் தட்டிக்கொண்டே வாருங்கள். தேங்காய் முற்றலா என்று கடையில் சுண்டிப் பார்ப்போமே, அதே காது. கணீரென்று வந்துகொண்டிருக்கும் சத்தம் ஓர் இடத்தில் மட்டும் பொத்தென்று அமுங்கினால், உள்ளே அடுக்கு விட்டிருக்கலாம். வால்வு ஓட்டை பக்கத்திலும் கம்பி நுழையும் இடங்களிலும் சத்தம் இயல்பாகவே கொஞ்சம் மாறும். அதைக் கண்டு பயப்பட வேண்டாம். கம்பி ஓட்டைகளைச் சுற்றி மயிரிழை போல விரிசல் இருக்கிறதா என்று நல்ல வெளிச்சத்தில் பாருங்கள். இந்தத் தட்டும் சோதனை எல்லாச் சேதத்தையும் காட்டிவிடாது. காட்டினால் நிச்சயம் வாங்காதீர்கள், அவ்வளவுதான்.

சொந்தச் சக்கரத்துக்கும் இதையே மாதம் ஒரு தடவை செய்யலாம். பெரிய பள்ளத்தில் "டங்" என்று ரிம் மோதிய சத்தம் கேட்டால் மாதம் காத்திருக்க வேண்டாம், அன்றைக்கே. கம்பிகளை இரண்டிரண்டாகக் கைக்குள் பிடித்து அழுத்திப் பாருங்கள். ஒன்று மட்டும் தொளதொளவென்று இருந்தால் இறுக்க வேண்டும். ஆனால் கார்பன் ரிம்மில் கம்பியை இழுத்துக் கட்டுவதற்கும் ஓர் உச்சவரம்பு உண்டு. அதை அளக்க ஒரு கருவி இருக்கிறது. நம் ஊர் சைக்கிள் கடைக்காரரின் கைப்பக்குவம் இரும்பு ரிம்மில் உருவானது. அவர் திறமையில் குறை இல்லை. இரும்பு ரிம்மில் பழகிய கை இறுக்கம் கார்பனுக்கும் பொருந்தும் என்று சொல்ல முடியாது. கருவி வைத்திருப்பவரிடம் மதுரைக்குக் கொண்டுபோவது நல்லது.

"அப்போ நான் என்னதான் வாங்க?" என்றால், என் அபிப்பிராயம் இது. நிறுத்துப் பார்த்த மொத்த எடை வரம்பைவிட 15 கிலோவாவது குறைவாக இருந்தால், தார்ச்சாலைதான் என்றால், கார்பன் வாங்கி நிம்மதியாக ஓட்டுங்கள். பத்து கிலோவுக்குள் நெருங்கினால், வரம்பு கூடுதலாக உள்ள வேறு மாடலைத் தேடுங்கள். 24-க்கு மேல் கம்பி, 30 மி.மீ. டயர். உங்கள் உடம்பே நூறைத் தாண்டினாலோ, பை கட்டி 200 கிலோமீட்டர் பிரவே (13 மணி 30 நிமிடத்துக்குள் முடிக்க வேண்டிய நெடுந்தூரச் சவாரி) போகிறவர் என்றாலோ, 32 கம்பி போட்ட அலுமினிய ரிம்தான் உங்கள் தோழன். ராத்திரி பத்து மணிக்கு எங்கோ ஒரு கம்பி அறுந்தாலும் கோட்டத்தோடு ஆடி ஆடி வீடு வந்து சேரும். அறுந்த கம்பிக்கு மாற்றும் கிடைக்கும்.

என் மருமகன் விற்கவில்லை. சைக்கிளோடு முதலில் வந்த அலுமினியச் சக்கரத்தைப் பரணிலிருந்து இறக்கித் துடைத்து வைத்திருக்கிறான். காலையில் பாட்டில் ஒன்றோடு சும்மா ஓட்டும்போது கார்பன். பையோடு ஊருக்கு வரும்போது அலுமினியம். மாற்றுவதற்குப் பத்து நிமிடம்.

அடுத்த தடவை வந்தபோது மறுபடி அந்தத் தராசில் ஏறினான். 104.1 காட்டியது. இந்த முறை முகம் வாடவில்லை. அண்ணாச்சி உரித்த தேங்காய் இரண்டை எடுத்துப் பைக்குள் போடப் போனார்.

"ஒண்ணு போதும் அண்ணாச்சி" என்றான்.